முதுகில் போட்ட முதல் ஊசி

"அன்னிக்கு முதுகுல போட்டாங்களே ஒரு ஊசி, அதுலேருந்துதான் இந்த இடுப்பு வலி." சிசேரியனில் பிள்ளை பெற்ற பெண்கள் இருக்கும் வீடுகளில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. பிள்ளை காலேஜுக்குப் போன பிறகும் பழி அந்த ஊசியின் மேல்தான் கிடக்கும். அந்த ஊசிக்கு உண்மையிலேயே ஒரு கெட்ட குணம் உண்டு. ஆனால் அது இடுப்பு வலி அல்ல. அந்தக் குணத்தை முதன்முதலில் எழுதி வைத்தவர், ஊசியைக் கண்டுபிடித்து அதன் பலனைத் தன் உடம்பிலேயே அனுபவித்த டாக்டர்.

இடுப்புக்குக் கீழே மரக்கவைக்கும் அந்த ஊசியின் கதை மயக்க மருந்திலிருந்து தொடங்குகிறது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை முகரவைத்து ஒரு நோயாளியை மயக்கினார். அறுவை மேசையில் அலறல் ஓய்ந்த நாள் அது. அடுத்த ஆண்டே குளோரோஃபார்மும் வந்துவிட்டது. ஆனால் இரண்டுமே ஆளை முழுசாகத் தூங்கவைப்பவை. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் உயிர் போய்விட்டது. கால் நகத்தை எடுக்க மூளையை ஏன் மயக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 36 ஆண்டுகள் ஆயின.

வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் கண் மருத்துவர், கொக்கெய்ன் பட்ட நாக்கு மரத்துப்போவதைக் கவனித்தார். நாக்கு மரத்தால் கண்ணும் மரக்குமே என்று யோசித்தார். தவளையின் கண்ணில் ஒரு சொட்டு விட்டுத் தொட்டுப் பார்த்தார், அது அசையவில்லை. பிறகு தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, கருவிழியைக் குண்டூசித் தலையால் தொட்டார். தொட்டதே தெரியவில்லை. 1884 செப்டம்பரில் ஹைடல்பர்க் மாநாட்டில் இது அறிவிக்கப்பட்டபோது கோலர் அங்கே இல்லை. போய்வரக் கையில் காசில்லாததால் வேறொருவர் அவருக்காகக் கட்டுரையைப் படித்தார். அதே வியன்னாவில் கொக்கெய்னை அவருக்கு முன்பே ஆராய்ந்துகொண்டிருந்தவர் சிக்மண்ட் ஃபிராய்ட். அந்தச் சமயம் பார்த்து, மணக்கப்போகும் பெண்ணைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார். பேர் கோலருக்குப் போய்விட்டது.

கண்ணை மரக்கவைத்தாயிற்று, காலை எப்படி? இடுப்புக்குக் கீழே இருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் முதுகெலும்புக்குள் வந்து சேர்கின்றன. அங்கே தண்டுவட நீரில் மிதந்துகொண்டிருக்கும் அந்த நரம்புகளை மருந்து தொட்டால் போதும். சோடியம் அயனிகள் நரம்புக்குள் நுழையும் வழியை மருந்து அடைத்துவிடும். வலிச் செய்தி மூளைக்கு ஏறாது. இந்தச் சோடியம் கணக்கை அன்றைக்கு யாரும் அறியவில்லை. ஆனால் அந்த நீரை ஊசியால் எடுக்கும் முறையைக் கீல் நகரத்தில் ஹைன்ரிக் குவின்கே 1891இல் எழுதியிருந்தார். அதே கீல் நகரத்தின் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பீர், ‘எடுக்க முடிந்தால் உள்ளே விடவும் முடியுமே’ என்று நினைத்தார். 1898 ஆகஸ்ட் 16 அன்று, கணுக்கால் மூட்டில் காசநோய் கண்ட ஒரு தொழிலாளிக்கு முதுகில் 15 மில்லிகிராம் கொக்கெய்ன் செலுத்தி அறுவை செய்தார். நோயாளிக்கு வலிக்கவில்லை. ஆனால் பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தன. அடுத்து வந்த சிலருக்கும் அப்படியே.

அது ஏன் என்று அறிய, ஆகஸ்ட் 24 அன்று பீர் தன் முதுகையே காட்டி உட்கார்ந்தார். ஊசி போட்டவர் அவருடைய உதவியாளர் ஹில்டபிராண்ட். ஊசி சரியாகவே இறங்கியது. ஆனால் சிரிஞ்சு ஊசியில் பொருந்தவில்லை. அதைப் பொருத்தத் தடுமாறிய நேரத்தில் பீரின் தண்டுவட நீர் நிறைய ஒழுகிப் போனது. மருந்தும் வெளியே சிந்திவிட்டது. சோதனை பாழ். உடனே ஹில்டபிராண்ட் தன் முதுகைக் கொடுத்தார். இந்தத் தடவை எல்லாம் சரியாக நடந்தது. தொடையில் ஊசியை எலும்பு வரை இறக்கினார் பீர், வலியில்லை. எரியும் சுருட்டை வைத்தார்; சூடு தெரிந்தது, வலி தெரியவில்லை. 23ஆம் நிமிடத்தில் இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் ஓங்கி அடித்தார். அதற்கும் ஒன்றுமில்லை. அடுத்து அவர் இழுத்துப் பார்த்த இடத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. சுமார் 45 நிமிடங்களில் உணர்ச்சி திரும்பியது. இருவரும் விருந்து சாப்பிட்டு, மது அருந்தி, சுருட்டுப் பிடித்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

விடிந்ததும் வினை தெரிந்தது. ஹில்டபிராண்டுக்குத் தலைவலி, வாந்தி, கால் முழுக்கக் கன்றிப்போன காயங்கள். மருந்தே ஏறாத பீர்தான் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். எழுந்தால் தலை வலிக்கும், படுத்தால் சட்டென்று விடும். நீர் கசிந்ததுதான் காரணம் என்று அவர் யூகித்தார். இன்றைய மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது: ஊசி குத்திய ஓட்டை வழியே நீர் கசிந்து அழுத்தம் குறைகிறது, நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை வலிக்கிறது.

ஆகவே பிறகு வந்தவர்கள் மருந்து, ஊசி இரண்டையும் மாற்றினார்கள். நச்சும் அடிமைத்தனமும் தந்த கொக்கெய்னின் இடத்துக்கு ப்ரோகெய்ன், லிக்னோகெய்ன், புபிவகெய்ன் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஊசியும் மயிர் போல மெலிந்தது. வெட்டும் முனை போய், நார்களை விலக்கிக்கொண்டு இறங்கும் பென்சில் முனை வந்தது. ஓட்டை சின்னது என்பதால் தலைவலி இன்று சிலருக்கே வருகிறது.

இனி இடுப்பு வலிக்கு வருவோம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளோடு முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே. குத்திய இடம் சில நாள் நோகலாம், அது உண்மை. ஆனால் வருடக்கணக்கான இடுப்பு வலி, இந்த ஊசி போடாமல் பெற்ற தாய்மாருக்கும் அதே அளவில் வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகள், குனிந்து பால் கொடுப்பது, நாள் முழுக்கப் பிள்ளையைத் தூக்குவது என்று காரணங்கள் வேறு பக்கம் இருக்கின்றன. ஊசியைத் திட்டிவிட்டு வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தால் அவற்றுக்கான சிகிச்சைதான் தள்ளிப்போகும்.

தலைவலி விஷயம் வேறு. அறுவை முடிந்த சில நாட்களில் உட்கார்ந்தால் வந்து, படுத்தால் விடும் தலைவலி இருந்தால், "ரத்தம் கம்மி, தூக்கம் கெட்டது" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓய்வும் மாத்திரையும் போதும். விடாவிட்டால், உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து முதுகில் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் செலுத்தி அடைத்துவிடுவார்கள். பீர் காலத்தில் அந்த வசதி கிடையாது, 1960இல்தான் வந்தது.