நுரையீரல் அழுத்தம்: குழாய்க் காலமும் எக்கோ காலமும்

ராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவைப் பக்கத்து ஊர்களில் ஒருவர் மூச்சிரைப்பும் கால்வீக்கமுமாகப் படுத்துவிட்டால், ஆற்காடு வழியாக வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோவது தலைமுறைப் பழக்கம். 1961இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனை அது. அன்று இதய நோயோடு வந்த இளவயதினர் பலருக்கு, மூட்டுவாதக் காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வு சுருக்கம் இருந்தது. இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு சுருங்கினால் ரத்தம் நுரையீரலில் தேங்கும். நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும். போகப்போக இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துவிடும். அந்த அழுத்தத்தை அளக்க, ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் குழாய் விடுவதைத் தவிர வேறு நம்பகமான வழி அப்போது இல்லை.

1970இல் ஸ்வான், கான்ஸ் என்ற மருத்துவர்கள் அமெரிக்காவில் நுனியில் பலூன் வைத்த குழாயை அறிமுகப்படுத்தினார்கள். ரத்த ஓட்டமே பலூனை இழுத்துச் செல்வதால் ஐசியூ கட்டிலிலேயே வேலை முடிந்தது. ஆபத்தும் கூடவே வந்தது: துடிப்பு தடுமாறும், கிருமி தொற்றும், அபூர்வமாகத் தமனியே கிழியும். 2005இல் வெளியான எஸ்கேப் ஆய்வில், கடும் இதயச் செயலிழப்புள்ள 433 பேரிடம் சோதித்தும் இந்தக் குழாயால் உயிரிழப்பு குறையவில்லை.

இன்று மார்பில் ஜெல் தடவி, ஒலி அலையால் இதயத்தைக் காட்டும் எக்கோ கருவியை வைக்கிறார்கள். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு பெரும்பாலும் கொஞ்சமாவது கசியும். அந்தக் கசிவு திரையில் நிறக் கீற்றாகத் தெரியும்; அதன் உச்ச வேகத்தை டாப்ளர் அளக்கும். வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 4ஆல் பெருக்கினால் வலது கீழறைக்கும் மேலறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். யாக், பாப் என்ற மருத்துவர்கள் 1984இல் காட்டிய வழி இது. விநாடிக்கு 3.5 மீட்டர் என்றால் 49 மி.மீ. பாதரசம். அதோடு மேலறை அழுத்தத்தைக் கூட்டினால் நுரையீரல் தமனி அழுத்தம் கிடைக்கும்.

இங்கேதான் கை தேர்ந்தவர் தேவை. கருவி சற்றே சாய்ந்து 3.5 என்பது 3 ஆகப் பதிவானால், 49 என்பது 36 ஆகிவிடும். நோய் லேசானது போலத் தோன்றும். மேலறை அழுத்தத்தை, அடிவயிற்றிலிருந்து இதயத்துக்கு வரும் பெருஞ்சிரை மூச்சுக்கு எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்துக் கணிப்பார்கள். வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு இது சரிவராது: இயந்திரம் காற்றைத் தள்ளும்போது சிரை சுருங்குவதற்குப் பதில் விரியும். கழுத்தில் ஏற்கெனவே லைன் போட்டிருந்தால் அதில் வரும் அளவையே கூட்டுவது நல்லது. கசிவே தெரியாதவர்களும் உண்டு. அவர்களுக்கு, நுரையீரல் தமனியில் ரத்தம் உச்ச வேகத்தை எட்ட எடுக்கும் நேரத்தைப் பார்க்கிறார்கள்.

எக்கோ தருவது மதிப்பீடுதான். சந்தேகம் தீராத இடங்களில் இன்றும் குழாய்தான் முடிவு சொல்கிறது. ஆனாலும், அசைக்கவே முடியாத நோயாளிக்குக் காலையில் ஒருமுறை, மருந்து கொடுத்தபின் மாலையில் ஒருமுறை என்று பார்க்க முடிவதை நான் பெரிய கொடையாகவே நினைக்கிறேன். 2022இல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தபின் கலவைக்காரர்களுக்குத் தூரமும் குறைந்திருக்கிறது. போகும்போது பழைய எக்கோ தாளை மறக்காமல் எடுத்துப்போங்கள். போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்றுதான் டாக்டர் முதலில் பார்ப்பார்.