உங்களுக்குத் தெரியுமா? ஈஸ்டைப் பிழைக்க வைத்த மனித மரபணு

செல் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதை ஈஸ்டிலும் மனிதரிலும் ஒரே வகை மரபணுதான் முடிவுசெய்கிறது. ஒற்றைச் செல் பூஞ்சைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயமே. 1987-இல் விஞ்ஞானிகள் பால் நர்ஸும் மெலனி லீயும் அதற்குச் சோதனையாலேயே பதில் சொன்னார்கள். செல் பிரிவை முடிவுசெய்யும் அந்த மரபணுவான சிடிசி2 பழுதான பிளவு ஈஸ்ட் என்ற ஈஸ்ட் வகை, வெப்பம் கூடினால் பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போகும். அதற்குள் மனித மரபணுக்களைச் செலுத்தியபோது சில செல்கள் மறுபடி பிரிந்து பெருகின. அவற்றில் இருந்தது மனித சிடிசி2!

தற்செயலான ஒற்றுமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பார்வைக்கு ஒத்திருப்பது வேறு. இன்னோர் உயிரின் செல்லுக்குள் போய் அதே வேலையைச் செய்து முடிப்பது வேறு. மனித உடலில் கூடுதல் கட்டுப்பாடுகள் பல உண்டுதான், ஆனால் அவை இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. செல் பிரிவின் இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டறிந்ததற்காக நர்ஸ், லீலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட் மூவரும் 2001-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.