நிலத்தின் பெயரும் நம் பாட்டனின் பெயரும்

தாம்பரத்தை அடுத்த ஒரு காலனியில் கல்லூரி மாணவர்களோடு அண்மையில் பேசிக்கொண்டிருந்தோம். "உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன?" என்று கேட்டோம். பலருக்கும் தெரியவில்லை. திண்ணையில் இருந்த ஆயா ஒருவர் சொன்னார்: "பேர எழுதி வெக்க நெலமா இருந்துச்சி, தம்பி?"

ஆயாவின் கேள்வி எங்களை ஒரு வெள்ளைக்காரரின் வம்சாவளிக்கு இட்டுச் சென்றது. ஜேம்ஸ் ஹென்றி ஆப்பர்லி திரமென்ஹீர். தாம்பரமும் சைதாப்பேட்டையும் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்தவர்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், திரமென்ஹீர் என்றே ஒரு நிலம் இருக்கிறது. அந்த நிலத்தின் பெயர்தான் குடும்பத்தின் பெயராயிற்று. நடுவிலுள்ள 'ஆப்பர்லி'யும் ஒரு குடும்பப் பெயரே. உறவுக் குடும்பத்தின் பெயரைப் பிள்ளையின் பெயருக்கு நடுவே வைத்துக் காப்பது ஆங்கிலேய வசதிக் குடும்பங்களின் வழக்கம். அத்தகைய வீட்டுப் பிள்ளை பிறந்தால் தேவாலயப் பதிவேட்டில் பெயர் ஏறும். அரசு வேலைக்கு வந்தால் அதிகாரிகள் பட்டியலில் ஏறும். இறந்தால் உயிலும் கல்லறையும் பேசும். அதே குடும்பப் பெயர் கொண்ட ஹியூ சீமோர் திரமென்ஹீர் (1804–1893), இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர் நிலையை ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கைகள் எழுதியவர்.

நம் கலெக்டரும் 1891இல் ஓர் அறிக்கை எழுதினார், செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி. குடியிருக்கும் மனையே மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் வீட்டை விட்டு வெளியேற்றம். சில ரூபாய்க் கடனுக்காக வாழ்நாள் முழுவதும் படியாள். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாரின் உரிமை குறுக்கே நிற்கும். இப்படிப் போகிறது அந்த அறிக்கை.

அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010 ஏ ஆகிய அரசாணைகள் வந்தன. அவற்றின் வழியே ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

இது ஒருவர் மனமிரங்கிக் கொடுத்த பிச்சை அல்ல. கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைக் கட்டியதும் அதே காலத்தில்தான். கேட்கும் குரல் நம்மிடமிருந்தும் எழுந்தது.

அந்த நிலங்கள் இன்று எங்கே? 1994இல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். வண்டலூர், கூடுவாஞ்சேரி என நகரம் தெற்கே நீள நீள, ஏரிக்கரையும் மேய்ச்சலும் மனைப் பிரிவாகிவிட்டன. பழைய நிபந்தனையைப் பத்திரத்தில் யார் பார்க்கிறார்கள்?

ஆயாவின் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை இதுதான். பஞ்சமி நிலம் பெற்ற குடும்பங்களுக்கு முதல் வம்சாவளி வருவாய்த் துறைப் பதிவேடு. முதலில் நிலம் பெற்றவரின் பெயர் அதில் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் 'டி.சி.' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கணினிப் பட்டாவை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். யு.டி.ஆர். நில அளவைக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நிலம் யார் கைக்குப் போனது என்பது தெரியும். பழைய அரசாணைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அதற்கு முன் மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பெரியவர்களிடம் நான்கு தலைமுறைப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பதிவேட்டில் இருப்பவர் உங்கள் பாட்டன்தான் என்று நிரூபிக்க அந்தப் பெயர்கள் வேண்டும். திண்ணையில் இருக்கும் ஆயா இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.