பாலிடெக்னிக் படிச்சா படிப்பு முடிஞ்சு போச்சா? என்ஜினீயரிங்கில் நேரா 2-ம் ஆண்டு சேரலாம்!

"பையன் 10-ம் வகுப்பில் மார்க் கம்மி. பாலிடெக்னிக்கில் போட்டா அத்தோட படிப்பு முடிஞ்சிடுமே" என்பது பல பெற்றோரின் கவலை. அந்தக் கவலை வேண்டாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ., பி.டெக். படிப்பில் நேரடியாக 2-ம் ஆண்டில் சேரலாம்.

வருஷம் வீணாகாது

பிளஸ்-2 வழியாகப் போனால் 10-ம் வகுப்புக்குப் பிறகு 2+4, மொத்தம் 6 வருஷம். டிப்ளமோ 3, பி.இ. 3. அதுவும் 6 வருஷம்தான். அண்ணா பல்கலைக்கழக இணைப்பு கல்லூரியில் படித்தால் பட்டமும் ஒன்றேதான். நடுவில் பணமுடை வந்தாலும் டிப்ளமோவை வைத்து வேலைக்குப் போகலாம்.

2 வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் வழி உண்டு. அவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக 2-ம் ஆண்டு சேரலாம்.

எப்படி சேருவது?

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இதற்கென தனி கவுன்சிலிங் நடத்துகிறது. ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். டிப்ளமோ மார்க்தான் ரேங்க்கை முடிவு செய்யும். மார்க்ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும் வாங்கி வையுங்கள். கல்விக் கட்டணச் சலுகைக்கு அது தேவை.

உஷார்!

அரியர் இருந்தால் இடம் கிடைப்பது கஷ்டம். கடைசி செமஸ்டருக்குள் எல்லாத்தையும் முடிச்சிடணும். முதலாம் ஆண்டு கணக்குப் பாடத்தை இவர்கள் படித்திருக்க மாட்டார்கள். அதனால் 2-ம் ஆண்டு கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். லீவிலேயே முதலாம் ஆண்டு கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தால் தப்பிக்கலாம்.

"சீட் வாங்கித் தர்றேன்" என்று வரும் புரோக்கர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.