தக்காளிக்குக் காவல் கிடைத்தது, உழவருக்கு?

தக்காளி பயிரிடுவோரை அழவைக்கும் நோய்கள் மூன்று: இலைச்சுருள், பாக்டீரியா வாடல், இலைக்கருகல். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், இம்மூன்றையும் தாங்கும் 'அர்கா ரக்ஷக்' என்ற வீரிய ஒட்டு ரகத்தை உருவாக்கியது. கோலார், ஓசூர் வட்டார விவசாயிகளுக்கு மருந்துச் செலவைக் குறைக்கும் சாதனை இது.

1967-ல் தொடங்கிய இந்த நிலையம் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. நாடு முழுவதற்கும் விதை தருவது தனியொரு நிலையத்தால் ஆகாது. ஆகவே, கட்டணம் பெற்றுக்கொண்டு விதைக் கம்பெனிகளுக்கு உரிமம் அளிக்கிறது. கூட்டு முயற்சி வரவேற்கத்தக்கதே.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வீரிய ஒட்டு விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால், குணம் மாறிவிடும். ஒவ்வொரு போகத்துக்கும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். வறட்சியை ஓரளவு தாங்கும் 'அர்கா விகாஸ்' அப்படியல்ல. விவசாயியே விதை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் விற்க முடியாத இத்தகைய விதையில் கம்பெனிக்கு என்ன லாபம்?

கம்பெனிகள் தொடாத இந்த ஆராய்ச்சிக்குத்தான் அரசுப் பணம் முதலில் போய்ச்சேர வேண்டும். உரிமம் வழங்கும்போதே விதையின் விலைக்கும் ஒரு வரம்பு கட்டினால், ஏழை உழவர் வாழ்த்துவர்.