‘நம்ம சிஸ்டத்துல ஓடுமா?’

‘ஜிடிஏ’ வரிசையில் புதிதாக ஒரு பாகம் வரும்போதெல்லாம் உலகம் முழுக்க ஒரே சண்டைதான்: பழசைவிட இது மேலா, கீழா? திருப்பூரில் அந்தச் சண்டை எப்போதும் இரண்டாவதாகத்தான் வந்தது. அனுப்பர்பாளையமோ வீரபாண்டியோ, கம்ப்யூட்டர் முன்னால் கூடிய பையன்கள் முதலில் கேட்டது, ‘நம்ம சிஸ்டத்துல ஓடுமா?’ என்பதைத்தான். ஓடினால் நல்ல கேம். திக்கித் திணறி ஓடினால் சுமார். ஓடவே இல்லையென்றால், விமர்சகர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டாலும் ஊரில் அதற்குப் பேச்சில்லை.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ என்பது முழுப் பெயர். திரையில் ஒரு நகரமே விரிந்து கிடக்கும். எந்தத் தெருவுக்கும் போகலாம், எந்த வண்டியையும் பறித்துக்கொண்டு ஓட்டலாம், துப்பாக்கியை எடுத்துச் சுடலாம். போலீஸ் துரத்தும், சேட்டை கூடக் கூட, மேலே நட்சத்திரங்களும் கூடும். கதைப்படி ஆட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கதையை மூலையில் போட்டுவிட்டு நாள் முழுக்கக் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டிக்கொண்டே இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இப்போது ஆறாம் பாகத்துக்கான காத்திருப்பு நடக்கிறது. 2023 டிசம்பரில் அதன் முதல் டிரெய்லர் வந்தபோது, யூடியூபில் ஒரே நாளில் 9 கோடிக்கும் அதிகமான முறை பார்க்கப்பட்டது.

சணல் ஊரில் பிறந்தது

இந்த ஆட்டம் பிறந்த இடம் ஹாலிவுட் பக்கம் இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பிறந்தது ஸ்காட்லாந்தில், டண்டீ என்ற ஊரில். வங்காளத்துச் சணலைக் கப்பலில் வரவழைத்து, நூற்று, நெய்து உலகத்துக்கே சாக்கு விற்ற மில் ஊர் அது. சணல் தொழில் கல்கத்தாப் பக்கம் நகர்ந்ததும் டண்டீயின் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. இன்னொரு பக்கம், அதே ஊரிலிருந்த டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலை 1980-களில் ‘இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ என்ற மலிவு விலைக் கம்ப்யூட்டரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கைக்குக் கம்ப்யூட்டர் எட்டியது இப்படித்தான்.

அந்தத் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்த டேவிட் ஜோன்ஸ், வேலையை விட்டபோது கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் ‘அமிகா’ கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். பிறகு நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியதுதான் ‘டிஎம்ஏ டிசைன்’. முதல் ஜிடிஏ 1997-இல் அங்கிருந்து வெளியானது. வானத்திலிருந்து பார்ப்பதுபோல மேலிருந்து தெரியும் தெருக்கள், பூச்சி அளவுக் கார்கள். கண்ணெதிரே தெரு விரியும் முப்பரிமாண நகரம் 2001-இல் மூன்றாம் பாகத்தில்தான் வந்தது.

தண்ணீரில் விழுந்தால் சாவு

தமிழ்நாட்டில் ஜிடிஏ என்ற பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அடுத்து வந்த ‘வைஸ் சிட்டி’. கம்ப்யூட்டருக்கு அது வந்தது 2003-இல். 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 128 எம்பி ரேம், 32 எம்பி கிராபிக்ஸ் இருந்தால் போதும்; ஹார்ட் டிஸ்கில் ஒரு ஜிபி கூடத் தேவையில்லை. பிரவுசிங் சென்டரில் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்த பழைய பெட்டியே தாங்கியது. பின்னலாடைக் கம்பெனி ஆபீசில் ஷிப்மென்ட் கணக்கு போட்ட கம்ப்யூட்டரும் மேலாளர் கிளம்பிய பிறகு வைஸ் சிட்டிக்கு மாறியிருக்கிறது. கைமாறிய சிடிகளில் பெரும்பாலானவை காசு கொடுத்து வாங்கியவை அல்ல, ‘ரைட்’ பண்ணியவை.

1986-ஆம் ஆண்டின் மயாமியைப் பார்த்துச் செய்த கற்பனை நகரம், டாமி வெர்செட்டி என்ற பூப்போட்ட சட்டைக்காரன், பளபளக்கும் விளக்குகள். கதை ஆங்கிலத்தில் ஓடியதால் அநேகம் பேருக்கு அது புரியவில்லை. புரியாதது ஒரு குறையாகவும் தெரியவில்லை. ‘பேன்சர்’ என்று தட்டினால் வானத்திலிருந்து டாங்கி இறங்கும், ‘லீவ்மீஅலோன்’ என்று தட்டினால் போலீஸ் ஒதுங்கிக்கொள்ளும் என்பது மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. எம்பி3 என்ற ஃபோல்டரில் பாட்டுகளைப் போட்டால் காருக்குள் ரேடியோவாகப் பாடும் வசதியும் இருந்தது. அதனால் மயாமிக் கடற்கரைச் சாலையில் ‘காக்க காக்க’ பாட்டுகள் ஒலித்தன.

அடுத்து வந்த ‘சான் ஆண்ட்ரியாஸ்’ கம்ப்யூட்டருக்கு வந்தது 2005-இல். வைஸ் சிட்டியில் தண்ணீரில் விழுந்தால் டாமி செத்துப்போவான். இதில் வரும் சிஜே நீந்துவான், சைக்கிள் மிதிப்பான், விமானம் ஓட்டுவான். சாப்பிட்டால் தொப்பை போடுவான், ஜிம்முக்குப் போனால் இளைப்பான். ஒரு நகரம் மூன்று நகரமானது, நடுவில் காடும் மலையும் பாலைவனமும் வந்தன. ‘வைஸ் சிட்டியா, சான் ஆண்ட்ரியாஸா’ என்று இன்றைக்கும் முடியாத வழக்கு அப்போது தொடங்கியதுதான். வைஸ் சிட்டிக் கட்சிக்காரர்கள் பாட்டையும் நிறத்தையும் சொல்வார்கள். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு நீச்சல் ஒன்றே போதும்.

சான் ஆண்ட்ரியாஸுக்கு இங்கே இரண்டாவது ஆயுளைக் கொடுத்தது அரசாங்கம். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ மாணவர்களிலிருந்து கல்லூரி மாணவர்கள் வரை லட்சக்கணக்கானோர் லேப்டாப் பெற்றார்கள். டெய்லர், கைமடி, செக்கிங் வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் பலவற்றில் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அது. பாடத்துக்கு வந்த பெட்டியில் பென் டிரைவ் வழியாக சிஜேயும் குடியேறினான். உலகம் அதற்குள் அடுத்த பாகத்துக்குப் போய் மூன்றாண்டு ஆகியிருந்தது. திருப்பூர் ஆடிக்கொண்டிருந்தது ஆறு வயதான கேமை, அலுப்பே இல்லாமல்.

ஊருக்குப் பொருந்திய கதை, ஊருக்கு வராத கதை

அந்த இடைவெளியில் தவறிப்போனது நான்காம் பாகம். 2008-இல் வந்தது. விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் 98. கிழக்கு ஐரோப்பாவில் போரைப் பார்த்து நொந்துபோன நிக்கோ பெல்லிக் கப்பலேறி அமெரிக்கா வருகிறான். ஒன்றுவிட்ட சகோதரன் ரோமன், பங்களா, கார்கள், பணம் என்று அளந்து விட்டதை நம்பித்தான் வருகிறான். வந்து பார்த்தால் கரப்பான்பூச்சி ஓடும் ஒரு வீடு, ஒரு டாக்சி ஷெட், கழுத்தை நெரிக்கும் சூதாட்டக் கடன். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சொந்தக்காரன் சொல்லை நம்பி ரயிலேறி வந்தவர்கள் நிறைந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை அந்த வரிசையிலேயே இல்லை.

ஆனால் அதற்குக் குறைந்தது ஒன்றரை ஜிபி ரேமும் 256 எம்பி கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி இடமும் வேண்டியிருந்தது. நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களே திணறுகிறது என்று புலம்பிய பதிப்பு அது. ஆடிப் பார்த்தவர்களுக்கும் வேறு குறைகள் இருந்தன: கார் கனமாகத் திரும்புகிறது, விமானம் இல்லை, நகரம் மழைக்கால வானம்போல மங்கிக் கிடக்கிறது, ரோமன் நேரம் காலம் தெரியாமல் போன் போட்டுப் பந்து உருட்ட வா என்கிறான். உலகம் பின்னாளில் மறுபடி ஆடி அந்தக் கதைக்கு மரியாதை கொடுத்தது. பழைய பெட்டிகளோடு இருந்த ஊர்களுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் வந்து மூன்றே நாளில் 100 கோடி டாலர் ஈட்டியது. இதுவரை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2015-இல் வந்த கம்ப்யூட்டர் பதிப்பு ஏழு டிவிடி. இதையும் பெரும்பாலானோர் ஆடவில்லை, பார்த்தார்கள். 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு, தமிழில் கத்திப் பேசிக்கொண்டே ஜிடிஏ ஆடும் யூடியூபர்கள் பெருகினார்கள். அதன் நாயகர்களான மைக்கேலும் ஃபிராங்க்ளினும் டிரெவரும் மதிய சாப்பாட்டு நேரத்தில் ஐந்தரை அங்குலத் திரையில் பழக்கமானவர்கள். கையில் பிடிக்காமலே ஒரு கேமைப் பற்றி உறுதியான கருத்து சொல்லும் தலைமுறை ஒன்று இப்படி உருவானது. இன்னொரு பக்கம், அதே நகரத்துக்குள் போலீஸ், டாக்டர், மெக்கானிக் என்று வேடம் போட்டுக்கொண்டு தமிழிலேயே பேசி ஆடும் சர்வர்களும் வந்துவிட்டன.

பழைய ரசிகர்களின் மனத்தாங்கல் 2021-இல் பெரிதாக வெளியே வந்தது. வைஸ் சிட்டி உள்ளிட்ட மூன்று பழைய பாகங்களையும் மெருகேற்றி விற்பதாக, இந்த வரிசையை வெளியிடும் ராக்ஸ்டார் நிறுவனம் ஒரு தொகுப்பை வெளியிட்டது. முகங்கள் பொம்மையாகியிருந்தன, மழை பெய்தால் சாலையே தெரியவில்லை. அதோடு, கடைகளிலிருந்த பழைய பதிப்புகளையும் நிறுவனம் எடுத்துவிட்டிருந்தது. கண்டனம் வலுத்ததும் மன்னிப்புக் கேட்டு, பழையவற்றைக் கம்ப்யூட்டருக்குத் திரும்பக் கொடுத்தது.

அம்மா அப்பா கட்சி

இந்த விவாதத்தில் பெற்றோருக்கும் ஒரு கட்சி உண்டு. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது, பையன் ரோட்டில் போகிறவரை அடித்துவிட்டு வண்டியைத் தூக்குகிறான் என்பதுதான். பயம் ஆதாரமில்லாதது அல்ல. இந்த வரிசை பெரியவர்களுக்கானது. ஐரோப்பாவில் 18 வயது முத்திரையோடு விற்கப்படுகிறது. சான் ஆண்ட்ரியாஸுக்குள் மறைந்து கிடந்த ஆபாசக் காட்சி 2005-இல் வெளிப்பட்டு, அமெரிக்கக் கடைகள் அதை அலமாரியிலிருந்து இறக்கின. இங்கே எட்டாம் வகுப்பில் அதே கேம் சகஜமாகப் புழங்கியபோது முத்திரையை யாரும் படிக்கவில்லை.

ஆனால் கேம் ஆடினால் பையன் ரவுடியாவான் என்ற முடிவுக்கு ஆய்வுகள் வரவில்லை. வன்முறை கேம்களுக்கும் நிஜமான வன்செயலுக்கும் தொடர்பு சொல்லப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு தெரிகிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. இரு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்கிறார்கள்.

தள்ளிப்போன ஷிப்மென்ட்

ஆறாம் பாகம் மறுபடி வைஸ் சிட்டிக்குத் திரும்புகிறது. லியோனிடா என்ற கற்பனை மாநிலம். ஜேசன், லூசியா என்று ஒரு ஜோடி. 2025-க்குள் வருவதாகச் சொன்னார்கள். 2025 மே மாதம் அது 2026 மே 26-க்குப் போனது. நவம்பரில் மறுபடி 2026 நவம்பர் 19-க்குத் தள்ளிப்போனது. தேதி தவறினால் சரக்கை விமானத்தில் ஏற்றித் தன் கைக்காசில் நஷ்டப்படும் பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு, இரண்டு முறை தேதி தவறியும் ஆர்டர் ரத்தாகாத, வரவேற்பு கூடிக்கொண்டே போகும் இந்த வியாபாரம் பொறாமையைத்தான் தரும்.

உள்ளே வேலை செய்கிறவர்களின் நிலை அவ்வளவு அந்நியமானதல்ல. ராக்ஸ்டாரின் இன்னொரு கேமுக்காக வாரம் 100 மணி நேரம் வேலை நடந்தது என்று அதன் அப்போதைய தலைவர்களில் ஒருவரான டான் ஹவுசர் 2018-இல் சொல்லப்போய்ப் பெரிய சர்ச்சையானது. மூத்த எழுத்தாளர்கள் சிலரைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். 2025 இறுதியில் பிரிட்டனிலும் கனடாவிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். சங்கம் சேர்ந்ததற்காகவே என்று தொழிற்சங்கம் சொன்னது, ரகசியங்களை வெளியே பகிர்ந்ததற்காக என்று நிறுவனம் சொன்னது. ராக்ஸ்டாருக்குப் பெங்களூரிலும் ஸ்டூடியோ உண்டு. இந்தியாவின் மூத்த கேம் நிறுவனங்களில் ஒன்றான துருவா இன்டராக்டிவை 2019-இல் வாங்கி அதை விரிவாக்கியது.

இந்த முறையும் திருப்பூரின் முதல் கேள்வி மாறவில்லை. பதில்தான் கடுமையானது. அறிவிக்கப்பட்டிருப்பது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளுக்கான பதிப்பு மட்டும். கம்ப்யூட்டருக்குத் தேதி சொல்லவில்லை. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021-இல் வந்தபோதே 49,990 ரூபாய், பிறகு ஏறியது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் டெய்லருக்கு அது வாடகையும் வட்டியும் ஊருக்கு அனுப்புவதும் போகப் பல மாத மிச்சம்.

அதற்குள் பையன்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். ரோஹித் கேமிங் ஸ்டூடியோவின் ‘இந்தியன் பைக்ஸ் டிரைவிங் 3டி’ சாதாரண போனிலேயே ஓடுகிறது. போனில் எண்ணை அழுத்தினால் பைக்கும் காரும் வந்து நிற்கும். ஜிடிஏ பாணிதான், ஆனால் நம்மூர்த் தெருவில் பார்க்கும் வண்டிகள். பேருந்துப் பிரியர்கள் இந்தோனேசியாவின் ‘பஸ் சிமுலேட்டர்’ கேமில் தமிழ்நாட்டுப் பேருந்துகளின் நிறத்தையும் ஹாரனையும் ஏற்றி ஓட்டுகிறார்கள். தரத்தில் எட்டாத தூரம், ஆனால் சிஸ்டத்தில் ஓடுகிறது.

நவம்பர் 19 வியாழக்கிழமை. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. போனஸ் வாங்கி ஊருக்குப் போனவர்கள் பெரும்பாலும் அதைச் செலவழித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும் வாரம் அது. கருவி வாங்கும் வசதியுள்ள சிலர் அன்றைக்கே ஆடுவார்கள். மற்றவர்கள் அன்று இரவே யூடியூபில் பார்த்துவிட்டு, கார் எப்படித் திரும்புகிறது, பழைய வைஸ் சிட்டிக்கு ஈடாகுமா என்று வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டர் பதிப்பு எப்போது, அதற்கு எத்தனை ஜிபி ரேம் என்ற விசாரணையும் அங்கேயே தொடங்கும்.