வீட்டு வாசலுக்குக் கெமரா: வாங்கு முன் யோசிக்க வேண்டியவை

காலையில் பெரட்டுக்குப் போனவர்கள் பின்னேரம் கொழுந்து நிறுத்து விட்டு வரும் வரைக்கும் தோட்டங்களில் பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஆள் இருந்தால் ஒரு வயசான ஆத்தாவும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும்தான். கேஸ் சிலிண்டர், கோழி, அடகில் இருந்து மீட்டு வந்த நகை என்று எது களவு போனாலும் அது பல மாதத்துச் சம்பளம். ஆகவே கொழும்பில் வேலை செய்யும் மகனோ மகளோ "வாசலுக்கு ஒரு கெமரா போட்டு விடுவோம்" என்று சொல்வது இப்போது சாதாரணமாகி விட்டது. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிக் காசைக் கொட்டாமல், நம்ம மலைக்கும் நம்ம வீட்டுக்கும் பொருந்துவதைப் பார்த்து வாங்க உதவியாக நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதலில் பூட்டு, பிறகு கெமரா

கெமரா கள்ளனைப் பிடிக்காது. வந்தவன் யார் என்று காட்டும், அவ்வளவுதான். கொண்டி ஆடுகிற கதவுக்கு மேலே விலை கூடின கெமராவை மாட்டுவதில் பயன் இல்லை. நல்ல பூட்டு, உறுதியான நாதாங்கி, வாசலில் ஒரு லைட், பக்கத்து வீட்டாரோடு நல்ல உறவு: இவை எல்லாம் இருந்த பிறகுதான் கெமரா. அதன் பிறகு, "எனக்கு எது தெரிய வேண்டும்?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். வாசலில் நிற்பவன் முகமா, பின்பக்கத்து ஜன்னலா, கோழிக் கூடா? ஒரு கெமராவால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது.

சாதாரண 1080 அளவுப் படம் எடுக்கும் கெமராவில் 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் அகலமாகத் தெரியும். ஆனால் முகத்தை அடையாளம் காண ஆள் ஏறக்குறைய 10, 12 அடிக்குள் வர வேண்டும். 4 மில்லிமீற்றர் லென்ஸ் கொஞ்சம் ஒடுக்கமாகப் பார்க்கும், முகம் இன்னும் சில அடி தூரத்திலும் தெரியும். கையெட்டாத உயரத்தில், 8 முதல் 10 அடிக்குள் பூட்டுவது நல்லது. அதற்கு மேலே போனால் குடையும் தொப்பியும்தான் படத்தில் விழும்.

மழையும் பனிமூட்டமும்

பெட்டியில் ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 66 என்றால் தூசி உள்ளே போகாது, பலமாகப் பீச்சி அடிக்கிற தண்ணீரையும் தாங்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துத் தென்மேற்குப் பருவ மழைக்கு 65க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். ஆனாலும் பல இடத்தில் கெட்டுப் போவது கெமரா அல்ல, அதன் வால் போலத் தொங்கும் வயரின் மூட்டுத்தான். அந்த மூட்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். வயர் சுவருக்குள் போகும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதைத் தொங்கல் விட்டு வளைத்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டி விடும்.

"ராத்திரியில் 30 மீற்றர் தெரியும்" என்று கடையில் சொல்வார்கள். அது மூட்டம் இல்லாத ஊருக்குச் சரி. ராத்திரியில் கெமரா கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் கதிரை அடித்துத்தான் பார்க்கிறது. மூட்டத்தில் அந்தக் கதிர் திரும்பி வந்து படத்தையே வெள்ளையாக்கி விடும். பனியில் லொறிக்காரர் ஹெட்லைட்டை ஏன் டிம் பண்ணுகிறார் என்று நமக்குத் தெரியும். இதுவும் அதே கதைதான். இதற்குக் கெமராவில் இருந்து நாலைந்து அடி தள்ளி, பக்கவாட்டில் ஒரு எல்.ஈ.டி. பல்ப் போட்டால் உதவும். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வாரத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்து வலையை எடுத்து விடுங்கள்.

கரண்டும் இடியும்

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இன்றைக்கும் காற்றுக்கு ஒரு சவுக்கு மரம் கம்பியில் விழுந்தால் போதும். கரண்ட் இல்லாவிட்டால் கெமராவும் குருடு, ரவுட்டரும் ஊமை. இதற்கென்று சின்ன யூ.பி.எஸ். பெட்டிகள் இருக்கின்றன. வாங்கும்போது ரவுட்டருக்கும் கெமராவுக்கும் எத்தனை வோல்ட் வேண்டும் என்று அடப்டரில் பார்த்துக் கொள்ளுங்கள்; சிலது 5, சிலது 9, சிலது 12.

சோலார் கெமராவுக்கு வயர் வேலை குறைவு. ஆனால் வாரக் கணக்கில் வெயில் முகம் தெரியாத மழைக் காலத்தில் பெட்டரி இறங்கி விடும். கழற்றி வீட்டுக் கரண்டில் சார்ஜ் பண்ண முடிகிற மாதிரியைப் பாருங்கள். இப்படிப் பெட்டரியில் ஓடுபவை பெரும்பாலும் மனித உடம்பின் சூடு அசைவதைக் கண்டுதான் விழித்துக் கொள்ளும். ஆள் நேராகக் கெமராவை நோக்கி நடந்தால் அது பிந்தித்தான் விழிக்கும், குறுக்கே நடந்தால் சீக்கிரம் விழிக்கும். ஆகவே படிக்கட்டையோ பாதையையோ பக்கவாட்டில் பார்க்கிற மாதிரிப் பூட்டுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி நம்ம பகுதிகளில் பொல்லாதது. இடி இடிக்கத் தொடங்கு முன் அடப்டரைக் கழற்றி விடுங்கள். வீட்டுக்கு வீடு வயர் இழுப்பதும், தகரத்துக்கு மேலே வயரைப் போடுவதும் ஆபத்து. லயத்துக் கரண்டில் களவாக இணைப்பு எடுக்கவே கூடாது. ஒரு கெமராவுக்காக ஒரு உயிரைக் கொடுக்க முடியாது.

சிக்னலும் பதிவும்

கெமராவை வாங்கு முன், அதை மாட்டப் போகும் இடத்தில் போனைப் பிடித்து எந்தக் கம்பனியின் சிக்னல் நிற்கிறது என்று காலையிலும் இரவிலும் பாருங்கள். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் மெமரி கார்ட் போடக் கூடிய கெமராதான் வேண்டும். இணையம் இல்லாத நேரமும் அது பதிந்து கொண்டிருக்கும். ஓயாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 ஜி.பி. வரை பிடிக்கும். அப்படியானால் 64 ஜி.பி. கார்டில் மூன்று நாள்தான் நிற்கும், அதன் மேல் பழையது அழிந்து புதியது ஏறும். அசைவு இருக்கும்போது மட்டும் பதியச் சொன்னால் பல நாள் வரும். சில கம்பனிகள் படத்தைத் தங்கள் இடத்தில் வைக்க மாதா மாதம் காசு கேட்கும். அதைக் கட்டாவிட்டால் கெமரா எந்தளவுக்கு வேலை செய்யும் என்று முன்கூட்டியே கேளுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளை போனில் ஒரு மணித்தியாலம் பார்த்துக் கொண்டிருந்தால் 1 ஜி.பி. அளவுக்கு டேட்டா போகலாம். ரீலோட் காசையும் கணக்கில் சேருங்கள்.

பாஸ்வேர்ட் யார் கையில்?

2016 ஆம் ஆண்டில் "மிராய்" என்ற கெட்ட புரோகிராம் உலகம் முழுவதும் லட்சக் கணக்கான கெமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. எப்படிப் புகுந்தது? கம்பனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை வீட்டுக்காரர்கள் மாற்றாமல் விட்டதால்தான். பூட்ட வந்த தம்பி தன் போனில் கணக்கைத் திறந்தால், உங்கள் வீட்டு வாசலை அவரும் பார்க்கலாம். கணக்கு உங்கள் போனில், உங்கள் பெயரில் இருக்கட்டும். பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள். பழைய கெமரா வாங்கினால் முந்தினவரின் கணக்கை அழித்து விட்டுத்தான் பாவியுங்கள்.

பக்கத்து வீட்டின் மானம்

நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்வது இதைத்தான். தனி வீட்டில் இருப்பவர் தன் வாசலை மட்டும் பார்க்கலாம். லயத்தில் அப்படி இல்லை. ஒருவர் இஸ்தோப்பில் மாட்டின கெமராவுக்கு நாலு வீட்டு வாசலும் தெரியும். கொஞ்சம் திருப்பினால் பீலிக்கரையும் கக்கூசுப் பாதையும் தெரியும். அங்கே நம்ம அக்கா தங்கச்சிகள் குளிக்கிறார்கள், உடுப்பு மாற்றுகிறார்கள். அதைப் பதிகிற கெமரா பாதுகாப்பு அல்ல, அநியாயம்.

பூட்டு முன் இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். பூட்டின பிறகு உங்கள் போனில் என்ன தெரிகிறது என்று அவர்களுக்கே காட்டுங்கள். பல கெமராக்களில், வேண்டாத பக்கத்தைக் கறுப்பாக மறைத்து விடும் வசதி உண்டு. குரல் பதிவதையும் நிறுத்தலாம். தோட்டத்துக்குச் சொந்தமான சுவரில் துளை போடு முன் தோட்டக் காரியாலயத்தில் அனுமதி கேளுங்கள். லயத்தார் எல்லோரும் சேர்ந்து பாதை முகப்பில் ஒன்று போடுவதாக இருந்தால், பதிவை யார் பார்ப்பது என்பதை மாதர் சங்கத்தையும் வைத்துப் பேசி முடிவெடுங்கள். பாதிப்பு வருவது முதலில் பெண்களுக்குத்தானே.

களவு நடந்தால் படத்தை வட்சப்பிலும் பேஸ்புக்கிலும் போட்டு "இவன்தான் கள்ளன்" என்று எழுதாதீர்கள். மங்கலான படத்தை வைத்து அடுத்த வீட்டுப் பையன் பெயரைக் கெடுத்தால், பிறகு அதைக் கழுவ முடியாது. பதிவு அழியு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக் கொண்டு பொலிஸாரிடம் கொடுங்கள். அவசரத்துக்கு 119. கெமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஐ.பி. இலக்கம் என்ன?
2. மெமரி கார்ட் போடலாமா, எத்தனை ஜி.பி. வரை?
3. இணையம் இல்லாவிட்டாலும் பதியுமா?
4. மாதக் கட்டணம் ஏதும் உண்டா?
5. பக்கத்து வீட்டு வாசலை மறைக்க முடியுமா?
6. வொரண்டி எத்தனை மாதம், பழுது பார்ப்பது ஹட்டனிலா கொழும்பிலா?
7. தவணைக்கு எடுத்தால் கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?

ஏழுக்கும் நேரான பதில் வந்தால் மட்டும் காசைக் கொடுங்கள். பில்லையும் வொரண்டிக் காட்டையும் பத்திரமாக வையுங்கள். பதில் விளங்காவிட்டால் பெட்டியில் உள்ளதைப் போனில் படம் எடுத்துக் கொண்டு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.